பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் பெயின்ட் ஏன் இப்படித் தேய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை மேசையில் பழைய போர்வையை விரித்துக்கொண்டு, தெரிந்தவர்களின் கிட்டார்களுக்குக் கம்பி மாற்றி, ஃபிரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகத் துண்டு) தேய்த்துக் கொடுப்பேன். தொழில் என்று சொல்ல முடியாது, பழகிப்போன வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசையைப் பற்றிக் கேட்பதில்லை. "அண்ணே, இந்த இடத்துல பெயின்ட் போயிட்டுது, என்ன செய்யலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நைட்ரோ, பொலி என்கிறார்களே, அது என்ன?

பழைய கிட்டார்களின் பூச்சை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். முதலாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பஞ்சு போன்ற தாவர நாரை நைட்ரிக் அமிலத்திலும் சல்பூரிக் அமிலத்திலும் பதப்படுத்தி, தின்னரில் கரைத்து, மெல்லிய படலமாக அடிப்பது. தின்னர் ஆவியாகப் போனதும் படலம் இறுகும். நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸும் இதே சாதிதான். காய்ந்த கியூடெக்ஸ் ரிமூவர் பட்டதும் இளகுவதுபோல, இந்த லாக்கரும் எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். அதன் நல்ல குணமும் கெட்ட குணமும் இதுவே.

இரண்டாவது பொலியெஸ்டர், பொலியூரிதேன் வகை. இவை காயும்போது இரசாயன மாற்றம் நடந்து, திரும்பக் கரையாத கெட்டிப் படலமாகிவிடும். அமெரிக்காவின் இரண்டு பெரிய கிட்டார்க் கம்பனிகளில், கிப்சன் இன்றுவரை பெரும்பாலும் நைட்ரோவில்தான் நிற்கிறது. ஃபெண்டர் 1950களிலும் 60களிலும் நைட்ரோவையும், சில நிறங்களுக்குக் கார்களுக்கு அடிக்கும் அக்ரிலிக் லாக்கரையும் பயன்படுத்தியது. 1968 வாக்கில் உடம்புக்கு பொலியெஸ்டர் வந்துவிட்டது. அந்த 70களின் ஃபெண்டரைப் பார்த்தால் கண்ணாடித் தகட்டுக்குள் மரத்தை வைத்த மாதிரி இருக்கும்.

தேயும் விதமே வேறு. நைட்ரோ சோப்புக்கட்டி போலக் கரைந்து மெலியும். பொலி தேயாது. அடிபட்டால் தேங்காய்ச் சிரட்டைச் சில்லு மாதிரித் துண்டாகப் பெயரும்.

என் கிட்டாரில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிக்கார்டை (கம்பியை மீட்டும் பிக் உடம்பைக் கீறாமல் காக்கும் தகடு) கழற்றி, வெளியில் தெரியாத ஓர் ஓரத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு பொட்டு கியூடெக்ஸ் ரிமூவர் வையுங்கள். அசிட்டோன் உள்ளதாக இருக்க வேண்டும். ஓரிரு நொடியில் பிசுபிசுத்தால் லாக்கர். ஒன்றும் நடக்காவிட்டால் பொலி. பார்த்தவுடன் துடைத்துவிடுங்கள். பிக்கார்டின் மேல் மட்டும் படவே கூடாது. பழைய பிக்கார்டுகள் சில செல்லுலொயிட், அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான், வெண்ணெய் போல உருகும்.

70களின் ஃபெண்டருக்கு இன்னொரு அடையாளம் உண்டு. உடம்பு பளிச்சென்று இருக்க, தலைப்பக்கத்தின் முகம் மட்டும் பழுத்த மாங்காய் நிறத்தில் மஞ்சளாகியிருக்கும். பெயர் ஒட்டிய அந்த முகப்புக்கு மட்டும் லாக்கர் அடிப்பதை அவர்கள் தொடர்ந்தார்கள். "தலையை மாத்திட்டாங்களோ?" என்று பதறிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மாற்றவில்லை, அது அப்படித்தான்.

கொழும்பில் கைமாறும் பழைய கிட்டார்களில் பெரும்பாலானவை 70, 80களின் ஜப்பான்காரத் தயாரிப்புகள். அவற்றில் கூடுதலானவை பொலி. ஆகவே "என்னுடையது ஏன் அழகாகத் தேயமாட்டேன் என்கிறது?" என்று கேட்பவருக்கு என் பதில்: அது தேயப் பிறந்ததே இல்லை.

எந்த இடம் முதலில் தேயும்?

இதைச் சொல்ல என் பெரியப்பாவின் கிட்டாரைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. 1965 ஃபெண்டர் மஸ்டாங். கப்பலில் வேலை செய்த நண்பர் ஒருவர் மூலம் அவரிடம் வந்தது. கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் குழுவொன்றில் பெரியப்பா ரிதம் வாசித்தார். பைலா என்ற ஆட்டப்பாட்டின் ஆறு எட்டுத் தாளத்தில் இரவு முழுக்க வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் காலத்து மஸ்டாங்கின் உடம்பு பலகை போலத் தட்டை. ஃபெண்டரின் ஸ்ட்ராட் மாடலில் முழங்கைக்கு வெட்டிவிட்ட சரிவு இதில் இல்லை. ஆகவே அவர் முன்கை விளிம்பின் கூர்மையில் நேராக உட்கார்ந்தது. அங்கே பெயின்ட் மூன்று விரல் அகலத்துக்குப் போயிருக்கிறது. கூர் விளிம்பே மழுங்கிவிட்டது. கிட்ட வைத்துப் பார்த்தால் வரிசையாக அடுக்குகள்: மேலே கறுப்பு (அதன் கதை பிறகு), அதன் கீழ் வெளிறிய நீலம், அப்புறம் மங்கலான மஞ்சள் அடிப்பூச்சு, நடுவில் வியர்வை ஊறிக் கறுத்த மரம். ஓர் அடுக்கு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் நுனியால் தடவினால் தெரியாது. கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாவது இடம், கம்பிகளுக்குக் கீழே பிக் உரசும் பகுதி. மஸ்டாங்கில் அங்கே பிக்கார்ட் இருப்பதால் பெயின்ட் தப்பியது, பிக்கார்டில்தான் விசிறி மாதிரிக் கீறல். ஃபெண்டரின் டெலி மாடலில் பிக்கார்ட் சிறியது, அதனால் கீழ்ப்பக்கம் மரம்வரை போகும்.

மூன்றாவது, பின்பக்கம். பெல்ட் பக்கிள் சுரண்டி உண்டாக்கும் காயம். வெளிநாட்டில் பழைய கிட்டார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் தேடுவார்கள். பெரியப்பாவின் கிட்டாரில் அது கிடையவே கிடையாது. மனிதர் வீட்டில் வாசித்ததெல்லாம் சாரத்தோடு, கல்யாண வீட்டில் வாசித்ததெல்லாம் கதிரையில் உட்கார்ந்து. பக்கிள் காயம் இல்லாததால் "அவ்வளவு வாசிக்கப்படாத கிட்டார்" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நான் ஃபிரெட்டுகளைக் காட்டினேன். முதல் மூன்று ஃபிரெட்டும் பள்ளமாய்க் கிடந்தன. மனிதர் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது, நெக்கின் (கிட்டார்க் கழுத்தின்) முதுகு. கட்டைவிரல் ஓடும் பாதையில் லாக்கர் போய், மரம் பட்டுப்போல வழுவழுக்கும். வாசிப்பவர்களுக்கு மிகப் பிடித்த தேய்வு இதுதான். இதை ஒருபோதும் திரும்பப் பூச விடாதீர்கள்.

மேப்பிள் ஃபிரெட்போர்டில் (விரல் பலகையில்) கறுப்புத் திட்டுகள் வருகின்றனவே, அழுக்கா?

அழுக்கும் வியர்வையும், ஆனால் மேலே ஒட்டியது அல்ல. மேப்பிள் வெளிறிய மரம், அதனால் ஃபெண்டர் அதன்மேல் லாக்கர் பூசியது. விரல் விழும் இடங்களில் லாக்கர் போனதும் மரத்தின் துளைகளுக்குள் வியர்வை இறங்கிச் சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். 1950களின் ஃபெண்டர்களில் இது சாதாரணம். 1959இல் ரோஸ்வூட் ஃபிரெட்போர்டுக்கு மாறியபின் இந்தப் பிரச்சினை குறைந்தது. ரோஸ்வூட்டுக்கு மேல் லாக்கர் கிடையாது, நிறமும் ஏற்கெனவே கரும்பழுப்பு. சவுக்காரம் போட்டுத் தேய்த்து வெளுக்க வைக்கலாமா என்று கேட்காதீர்கள். மரம் ஊதிப்போய் ஃபிரெட் கிளம்பும்.

உடம்பு முழுக்க மெல்லிய வெடிப்புகள். விழுந்து உடைந்ததா?

வற்றிய குளத்துச் சேறு போல, ஆனால் மயிர் அளவுக்கு நுண்ணிய கோடுகள் என்றால், அது வயதான நைட்ரோவின் இயல்பு. லாக்கர் அடித்த பிறகும் பல வருடங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறும். மரமோ குளிரில் சுருங்கி வெயிலில் விரியும். விறைத்துப்போன லாக்கர் மரத்தோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். பனிக்காலத்தில் காரின் பின்பெட்டியில் குளிர்ந்து கிடந்த கிட்டார்க் கேஸை, சூடேற்றிய அறையில் சட்டென்று திறந்தால் நம் கண் முன்னாலேயே கோடு ஓடும்.

கொழும்பில் இந்தக் கதை வேறு. வருடம் முழுக்க ஏறக்குறைய 22 பாகையிலிருந்து 32 பாகைக்குள்தான் வெப்பநிலை. இங்கேயே வளர்ந்த கிட்டாரில் வெடிப்பு குறைவாக இருப்பது சந்தேகத்துக்குரிய விஷயம் அல்ல. "60களின் கிட்டாருக்கு வெடிப்பு இருக்கவே வேண்டும்" என்பது குளிர்நாட்டுக்காரரின் அளவுகோல். அதை வைத்துக் கொழும்புக் கிட்டாரை அளந்து நல்ல கிட்டார்களைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல்களில் வாசிக்கப் போகிறவர்கள் கவனம். இரவுக் குளிரில் கிடந்த கிட்டாரை வான் வண்டியில் ஏற்றி, அன்றைக்கே இறங்கி வந்து, கொழும்பு வெயிலில் திறப்பார்கள். விமானத்தில் வந்த கிட்டாரும் அப்படியே. கேஸை மூடியபடி இரண்டு மூன்று மணிநேரம் விட்டுவிட்டுத் திறவுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

நீலக் கிட்டார் எப்படிப் பச்சையாகிறது?

நீலத்துக்கு மேல் தெளிவான லாக்கர் அடித்திருப்பார்கள். லாக்கர் வயதாக ஆக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் கண்ணாடி வைத்தால் பச்சை. அதே கணக்கில் வெள்ளை வெண்ணெய் நிறமாகும், பழைய வெள்ளை டெலி எல்லாம் நெய்ச்சோறு நிறத்தில் இருப்பது இதனால்தான். பிக்கார்டுக்குக் கீழே ஒளி படாத இடத்தைப் பார்த்தால் பிறந்த நிறம் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதை 1958 முதல் 1960 வரையான கிப்சன் லெஸ் போல் சன்பர்ஸ்ட்கள் (நடுவில் வெளிறி, விளிம்பை நோக்கிக் கருக்கும் நிறப்பூச்சு). விளிம்பில் அடித்த சிவப்புச் சாயம் ஒளிக்குத் தாங்காமல் மங்கிப்போய், சில தேன் நிறமாகவும் சில எலுமிச்சை நிறமாகவும் ஆகின. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் தொங்கியவை கூடுதலாக மங்கின. 1960இல் கிப்சன் மங்காத சிவப்புக்கு மாறியது. வேடிக்கை என்னவென்றால், குறையென்று அவர்கள் திருத்திய அந்த மங்கலுக்குத்தான் இன்று அதிக விலை.

தங்க நிற லெஸ் போலில் முழங்கை படும் இடம் பச்சையாகிறதென்றால் பயப்பட வேண்டாம். அந்தத் "தங்கம்" வெண்கலத் தூள். மேல் லாக்கர் தேய்ந்ததும் வியர்வை பட்டுக் களிம்பேறுகிறது, குத்துவிளக்கில் ஏறுவதுபோல. புளி போட்டுத் துலக்க மட்டும் வேண்டாம்!

கிட்டார் கையில் ஒட்டுகிறது. ஏன்?

கொழும்பில் எனக்கு அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். லாக்கர் வெப்பத்தில் இளகும், வியர்வையில் உள்ள எண்ணெயும் அமிலமும் அதை இன்னும் மென்மையாக்கும். சிலரின் வியர்வை மற்றவர்களுடையதைவிடக் காரமானது. ஒரே மாதிரி இரண்டு கிட்டாரை ஒரே வருடம் வாங்கிய சகோதரர்கள் இருவரை எனக்குத் தெரியும். ஒருவருடையது புதுசு மாதிரி, மற்றவருடைய நெக் ஆறு மாதத்தில் பிசின்.

அதைவிட மோசமான எதிரிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். முதலாவது நுளம்பு விரட்டி. மாலை நேரத்தில் ஹோட்டல் புல்வெளியில் கல்யாண வரவேற்பு, டெங்குப் பயம், கைநிறைய நுளம்புக் களிம்பு. அதில் டீட் என்ற பொருள் இருந்தால் அது லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஒரு பையன் கொண்டுவந்த சன்பர்ஸ்ட் கிட்டாரில் முன்கை வைத்த இடம் முழுக்க, தோலின் ரேகையும் சட்டைத் துணியின் நெய்தலும் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரே இரவு வேலை. "இதைத் தேய்வுன்னு சொல்லி விக்கலாமா அண்ணே?" என்றான். விற்கலாம், வாங்குபவருக்கு மோப்பம் இல்லாவிட்டால்.

இரண்டாவது கைகளுக்குப் போடும் சானிடைசர். அல்கஹோல் காய்வதற்குள் நெக்கைப் பிடித்தால் லாக்கர் பால்போல வெளுக்கும். மூன்றாவது ஸ்டாண்ட். கிட்டாரைத் தாங்கும் கறுப்பு இறப்பர்க் குழாயிலிருந்தும் மலிவான ரெக்ஸின் ஸ்ட்ராப்பிலிருந்தும் ஒரு பொருள் கசிந்து நைட்ரோவுக்குள் இறங்கி, அந்த இடத்தைக் கூழாக்கிவிடும். இறப்பர் மேல் பழைய பருத்தி பனியன் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். ஸ்ட்ராப்பைக் கிட்டாரில் மாட்டியபடியே கேஸுக்குள் வைக்காதீர்கள்.

ஒட்டுகிற நெக்குக்கு பேபி பவுடர் போடுபவர்கள் உண்டு. ஒரு பாட்டுக்குச் சரி. இரண்டாவது பாட்டில் வியர்வையோடு குழைந்து மாவாகிவிடும். லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், நைட்ரோவுக்கு அது பாதுகாப்பு. நெருப்புக்குத்தான் பாதுகாப்பில்லை, யன்னலைத் திறந்து வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மிக மெல்லிய இரும்பு நூலால் (ஸ்டீல் வூல்) லேசாக உரசி மினுக்கத்தை எடுக்கலாம். அப்போது பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகங்களை) டேப் போட்டு மூடுங்கள், காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டினால் எடுப்பது தலைவலி.

கடற்கரை வீடு. உலோகப் பாகங்கள்?

துருப்பிடிக்கும். வேறு வழியில்லை. 60களின் நடுப்பகுதிக்கு முந்திய நிக்கல் பூச்சு மங்கிச் சாம்பலாகும், அதற்குப் பிந்திய குரோம் புள்ளி புள்ளியாகப் பெயரும். பிரிட்ஜின் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தின்) சிறிய திருகுகள்தான் முதலில் இறுகிப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விட்டுத் திருகிப் பாருங்கள். என் வீட்டில் கடல் பக்க யன்னலைத் திறந்தால் கம்பிகள் இரண்டு வாரத்தில் சொரசொரக்கும்.

மழைக்காலத்தில் கேஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், அலுமாரிக்குள் தோல் செருப்பில் பிடிப்பதுபோலவே கிட்டாரிலும் வெள்ளையாகப் பிடிக்கும். பூஞ்சணம் விரும்புவது லாக்கரை விட அதன்மேல் காய்ந்த வியர்வையை. வாசித்து முடித்ததும் துடைத்தாலே முக்கால்வாசி தீர்ந்தது. கேஸின் உள்துணியை வெயில் நாளில் திறந்து காயப் போடுங்கள், கிட்டாரை அல்ல. கேமராவுக்கு வைக்கும் சிலிக்கா பொதி இரண்டு போதும். நாள் முழுக்க வெறும் காற்றாடியில் இருக்கும் அறை, பகலில் வெக்கையும் இரவில் ஏசியுமாக மாறும் அறையைவிட நல்லது.

தேய்ந்த கிட்டார் நன்றாக ஒலிக்குமாமே?

உள்ளே வெறும் பெட்டியாக இருக்கும் அக்கூஸ்டிக்கில் பூச்சின் தடிப்பு ஓசையைத் தொடும். முழு மரக்கட்டையில் பிக்கப் பொருத்திய எலெக்ட்ரிக்கில் முன்கை படும் இடத்தில் பெயின்ட் போனதால் ஓசை மாறியது என்பதை நான் நம்பவில்லை. நன்றாக ஒலித்த கிட்டாரை ஆட்கள் கூடுதலாக வாசித்தார்கள், கூடுதலாக வாசித்தது தேய்ந்தது. காரணத்தையும் விளைவையும் புரட்டிப் போட்டுவிடுகிறோம்.

திரும்பப் பெயின்ட் அடிக்கலாமா?

இப்போது அந்தக் கறுப்பின் கதை. 1977க்கு முன்பு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் கிட்டார்ச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்ததாகப் பெரியப்பா சொல்வார். கிட்டார் பார்க்க ஏழையாகிவிட்டது. 1981இல் அவரது மகளின் கல்யாணம் வந்தது. தன் மகள் கல்யாணத்தில் தேய்ந்த கிட்டாரோடு மேடையில் உட்காரக் கூடாது என்று நினைத்து, கார்களுக்கு டிங்கரிங் வேலை செய்யும் ஒரு கராஜில் "கொஞ்சம் பொலிஷ் பண்ணித் தாங்க" என்று கொடுத்தார். பாஸ் நல்ல மனத்தோடு முழுக்கக் கறுப்பு அடித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு யாரோ ஒருவருடைய மொரிஸ் மைனருக்குக் கலக்கிய பெயின்டில் மிச்சமாம்.

கார் லாக்கரின் தின்னர் கீழிருந்த பழைய லாக்கரை இளக்கியதால் பின்பக்கத்தில் அங்கங்கே சுருக்கம். அத்தோடு அன்று மழை. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சுக்குள் வெண்புகை மாதிரி அடைபட்டுவிடும். மேல் மூலையில் இன்றும் அந்த மூட்டம் தெரியும். கொழும்பில் மழை நாளில் லாக்கர் அடிக்காதே என்பது எந்தப் பெயின்ட் பாஸுக்கும் தெரிந்த பாலபாடம். அவசரத்துக்கு மெதுவாகக் காயும் தின்னர் கலப்பார்கள்.

நான் பிக்கார்டைக் கழற்றிய நாளில்தான் அந்த நீலத்தைப் பார்த்தேன். பதினாறு வருடம் வெளியில் இருந்து, பிறகு மூடப்பட்ட நீலம். பிக்கார்டின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பச்சையாகாமல், நேற்று அடித்த மாதிரி. கறுப்பைச் சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். எடுக்கவில்லை. கறுப்பும் லாக்கர், நீலமும் லாக்கர், ஒன்றைக் கரைத்தால் மற்றதும் வரும்.

பழைய கிட்டார்ச் சந்தையில் திரும்பப் பெயின்ட் அடித்ததற்குப் பொதுவாகப் பாதி விலைதான். உங்களுடையது விலைமதிப்புள்ளதோ இல்லையோ, ஸ்ப்ரே துப்பாக்கியை எடுக்குமுன் ஒரு வருடம் பொறுங்கள். பொலிக் கிட்டாரில் சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும், சுப்பர் குளூவை ஒரு துளி ஒரு துளியாக விட்டு நிரப்பி, நுண்ணிய மணற்கடதாசியால் சமப்படுத்தலாம். நைட்ரோவுக்கு அந்த வேலை வேண்டாம்.

புதிதாக வாங்கும்போதே தேய்ந்து வருகிறதே, அது சரியா?

1995இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷொப் ரெலிக் என்று வேண்டுமென்றே பழசாக்கிய கிட்டார்களை விற்கத் தொடங்கியது. 2021இல் கிப்சன் மர்ஃபி லாப் என்ற பெயரில் அதே காரியத்துக்குத் தனிப் பிரிவே திறந்தது. துவைத்துக் கிழித்து விற்கும் ஜீன்ஸ் வாங்குகிறோம், இதற்கு மட்டும் என்ன கோபம் என்பார்கள். எனக்குக் கோபம் இல்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கவும் மாட்டேன். இந்த ஆசையை ஊட்டியவர்களில் முக்கியமானவர் அயர்லாந்தின் கிட்டார்க் கலைஞர் ரோரி கலகர். 1961இல் செய்த ஸ்ட்ராட்டை 1963இல் பழசாகவே வாங்கினார். திருட்டுப்போய்த் திரும்பி வந்த அந்தக் கிட்டாரை வியர்க்க வியர்க்க வாசித்து, சன்பர்ஸ்ட் கடைசியில் சில தீவுகளாக மட்டுமே மிஞ்சியது. பார்த்தவர்களுக்கெல்லாம் அப்படியொன்று வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த வியர்வை வேண்டும் என்று வந்ததா என்று தெரியாது.

உண்மையான தேய்வையும் பொய்யையும் எப்படிப் பிரிப்பது?

விளிம்பைப் பாருங்கள். உண்மையான தேய்வில் நிறம் மெல்ல மெல்ல மெலிந்து மறையும். மணற்கடதாசியில் செய்தது சட்டென்று முடியும், சரித்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் நுண் கீறல்கள் தெரியும். அப்புறம் கணக்குப் பாருங்கள்: முன்கை அவ்வளவு வாசித்திருந்தால் ஃபிரெட்டுகள் எங்கே தேய்ந்தன? இரண்டும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இடது கைக்காரர் வாசித்ததென்றால் எல்லாம் தலைகீழாக இருக்கும்.

இன்னொரு வழி, புறக்கோட்டைக் கடைகளில் ஆயிரம் ரூபாய்த் தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கு. இருட்டறையில் அதைப் பிடித்தால் வயதான நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் பூசிய ஒட்டு வேலை கறுத்த திட்டாகத் தனியே நிற்கும். பெரியப்பாவின் கிட்டாரில் பிடித்தபோது உடம்பு முழுக்க இருண்டு கிடந்தது, முன்கை தேய்த்துக் கறுப்பைத் திறந்த அந்த மூன்று விரல் அகலத்தின் ஓரம் மட்டும் மெல்லியதாக ஒளிர்ந்தது.

மெழுகு போடலாமா, எந்தப் பொலிஷ்?

கார் பொலிஷ் வேண்டாம். பெரும்பாலானவற்றில் சிலிக்கோன் இருக்கும். வெடிப்புக்குள் இறங்கினால் பிறகு எந்த லாக்கரும் அங்கே ஒட்டாது. வெடித்த லாக்கர்மேல் எந்தத் திரவமும் விடாதீர்கள். சற்று ஈரமான பருத்தித் துணி, உடனே உலர்ந்த துணி. போதும்.

சுவரில் மாட்டலாமா, கேஸில் வைக்கலாமா?

நைட்ரோ என்றால் கொழும்பில் என் தெரிவு சுவர்தான். கேஸுக்குள் வெக்கையும் ஈரமும் அடைபடும். ஆனால் மாட்டும் கொக்கியில் இறப்பர் இருந்தால் துணி சுற்றுங்கள். மேற்குப் பார்த்த யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், மாலை நாலு மணி வெயில் நேரே விழும். கடல் பக்கச் சுவரும் வேண்டாம். எங்கள் வீட்டில் மிஞ்சியது சாப்பாட்டு மேசைக்கு மேலே உள்ள சுவர் மட்டுமே. அதனால் மீன் பொரிக்கும் நாளில் மஸ்டாங் படுக்கையறைக்குப் போகும்.